எந்திரம் பார்த்த தலை யாருடையது?

மூளைக் கட்டியைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் செயற்கை நுண்ணறிவின் இடம் குறித்து நாகர்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயர் குழு உச்சியைத் தொடாமலே திரும்பியது. அந்தக் குழுவில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். வந்ததோ வந்தோம், இந்தியாவைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறலாம் என்று தெற்கே இறங்கினார். வந்து சேர்ந்த இடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் வரிசை நீண்டு கிடந்தது. உள்ளே அறுவை மருத்துவர் ஒரே ஒருவர். வேடிக்கை பார்க்க வந்தவர் உதவிக்கு நின்றுவிட்டார். ஊர் திரும்பியபின் அங்கே தனக்குக் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை உதறிவிட்டு, அடுத்த ஆண்டே நெய்யூருக்கு வேலைக்கு வந்தார். அவர்தான் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்.

1924-இல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். பிறகு மீண்டும் நம் வெயிலுக்கே வந்து சேர்ந்தார். புற்றுநோய்க்கு ரேடியம் வைத்து வைத்தியம் பார்த்த தொடக்ககால இந்திய ஆஸ்பத்திரிகளில் நெய்யூரும் ஒன்று. சோமர்வெல் தம் நெய்யூர் அனுபவத்தை 'நைஃப் அண்ட் லைஃப் இன் இந்தியா' என்ற பெயரில் 1940-இல் நூலாக எழுதினார்.

மூளைக் கட்டியையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றிப் பேசும் மேடையில் சோமர்வெல் எதற்கு என்று கேட்கலாம். அவர் அன்று கண்டது கைகளின் பஞ்சம். அறுக்கத் தெரிந்த கை ஒன்று, அறுக்கப்பட வேண்டியவர் நூறு. இன்று இந்த மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலும் ஸ்கேன் எடுக்கலாம், நாகர்கோவிலிலும் எடுக்கலாம். எடுத்த படத்தைப் படிக்கிற கண்ணுக்குத்தான் பஞ்சம். மூளைப் படங்களையே ஆயுள் முழுவதும் படித்துத் தேர்ந்த கதிரியல் நிபுணர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். அந்தக் கண்களின் இடத்தில் ஓர் எந்திரத்தை உட்கார வைக்கலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

நாஞ்சில் நாட்டு வீடொன்றில் தலையில் கட்டி என்று தெரிந்தால் முதலில் எழும் கேள்வி, "ஸ்ரீசித்ராவில நமக்கு ஆளு யாரு உண்டு?" என்பதுதான். திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் கொடுத்த கட்டடத்தில் தோன்றி, 1976-இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மாநில எல்லை மாறியதே தவிர ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை மாறவில்லை. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகும், மூளை என்றால் களியக்காவிளையைத் தாண்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிப் போகிறவர் கையில் ஒரு பெரிய உறை இருக்கும். உறைக்குள் பிலிம், சிடி, ரிப்போர்ட். செயற்கை நுண்ணறிவு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த உறைக்குள் இருப்பதைப் பற்றித்தான்.

மண்டை ஓட்டைத் திறக்காமல் உள்ளே பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தின் பழைய ஆசை. 1884 நவம்பர் 25-ஆம் தேதி லண்டனில் ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் மூளையிலிருந்து கட்டியை எடுத்தார். அப்போது எக்ஸ்ரேகூடக் கிடையாது. கை எப்படித் தளர்கிறது, வலிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பார்த்தே கட்டி இருக்கும் இடத்தை ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் குறித்துக் கொடுத்தார். குறித்த இடத்தில் கட்டி இருந்தது. நோயாளி மட்டும் ஒரு மாதத்துக்குள் கிருமித் தொற்றில் இறந்துபோனார்.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவர்கள் காலத்தில் மூளையின் உள்ளறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அறை எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறதோ அங்கே கட்டி என்று ஊகிப்பார்கள். நோயாளிக்கு அது தாங்க முடியாத வேதனை. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனுக்கு அருகே ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவிக்குள் முதல் நோயாளியாக ஒரு பெண் படுத்தார். இடது முன் மூளையில் நீர் கோத்த கட்டி ஒன்று படத்தில் தெரிந்தது. காற்றடித்த காலம் அத்தோடு முடிந்தது. பின்னால் எம்.ஆர்.ஐ. வந்தது. இப்போது படத்துக்குப் பஞ்சமில்லை.

சரி, எந்திரம் படத்தை எப்படிப் படிக்கிறது?

தோவாளைப் பூச்சந்தையில் வளர்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பிச்சி எது, மல்லி எது, நேற்றைய பூ எது, இன்றைய பூ எது என்று அதற்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆயிரம் முறை பார்க்கிறது. தப்பாக எடுத்தால் அம்மா கையைத் தட்டிவிடுகிறாள். ஒரு நாள் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. எந்திரமும் இப்படித்தான் படிக்கிறது.

அது படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்தின் பெயர் 'பிராட்ஸ்'. 2012-இல் பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரில் நடந்த மாநாட்டில் தொடங்கிய உலகளாவிய போட்டி அது. ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு வகை எம்.ஆர்.ஐ. படங்கள் அங்கே உண்டு. ஒன்றில் மூளை நீர் கறுப்பாகத் தெரியும். இன்னொன்றில் வெளுப்பாகத் தெரியும். மூன்றாவது, கையில் ஊசி மருந்து ஏற்றியபின் எடுத்தது. நான்காவதில் நீரை அமுக்கிவிட்டு வீக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு தலை என்பது அங்கே 240-க்கு 240-க்கு 155 என்ற கணக்கில், ஏறத்தாழ 89 லட்சம் சின்னஞ்சிறு கனச்சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். கட்டியின் செத்துப்போன நடுப்பகுதி எது, மருந்தை உறிஞ்சி ஒளிரும் விளிம்பு எது, சுற்றியுள்ள வீக்கம் எது என்று நிபுணர்கள் கையால் வரைந்து வைத்திருக்கிறார்கள். எந்திரம் தானும் வரைந்து பார்க்கும். நிபுணரின் கோட்டிலிருந்து விலகினால் தன்னைத் திருத்திக்கொள்ளும். 2021 போட்டிக்குள் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் படங்கள் அதில் சேர்ந்திருந்தன.

இதனால் என்ன பயன்? கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக நீளம், அகலம் என்று இரண்டு கோடுகளால் அளந்துவந்தார்கள். கோணல்மாணலாகக் கிடக்கிற ஒரு பொருளுக்கு இரண்டு கோடு எந்த மூலைக்கு? இருவர் அளந்தால் இரண்டு விடை வரும். எந்திரம் முழுக் கன அளவையே கணக்கிட்டுவிடும். இந்த மாதம் அளந்த அதே முறையில் அடுத்த மாதமும் அளக்கும். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் குழு ஒன்று இதைப் பெரிய அளவில் சோதித்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டது. கதிர்வீச்சுச் சிகிச்சையிலும் இதே உதவிதான். எந்த இடத்தில் கதிர் பாய வேண்டும், பார்வை நரம்பு போன்ற எந்த இடத்தில் படவே கூடாது என்று ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கோடு வரைவது மருத்துவரின் நேரத்தை விழுங்குகிற வேலை. எந்திரம் முதல் கோட்டை வரைந்து தரும். மருத்துவர் திருத்திக் கையெழுத்திடுவார்.

நம் மாவட்டத்திலும் இந்த எந்திரத்தைச் செய்கிறவர்கள் உண்டு. பொறியியல் கல்லூரிகளில் கணினித் துறை மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகளைப் பார்த்தால், 'எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து மூளைக் கட்டியைக் கண்டறிதல்' ஆண்டு தவறாமல் வந்து நிற்கும். 98 சதவீதம் சரி, 99 சதவீதம் சரி என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள். பொய் எழுதுவதில்லை. கணினித் திரையில் அந்த எண் உண்மையிலேயே வரும். ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தவை என்று ஒருவரும் கேட்பதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற, உலகெங்கும் மாணவர்கள் அதிகம் எடுத்தாளுகிற தொகுப்பு ஒன்றில் 3,064 படங்கள் இருக்கின்றன. அவை சீனாவின் குவாங்சோவிலும் தியான்ஜினிலும் உள்ள மருத்துவமனைகளில் 2005-க்கும் 2010-க்கும் இடையே எடுத்தவை. படம் 3,064. ஆள் எத்தனை? 233 பேர்தான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் தலையின் பத்துத் துண்டுப் படங்களில் ஏழைப் பாடத்துக்கும் மூன்றைப் பரீட்சைக்கும் போட்டால், எந்திரம் கட்டியை அடையாளம் கண்டதா, அந்த ஆளையே அடையாளம் கண்டதா? வினாத்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை அது. நோயாளிவாரியாகப் பிரித்துச் சோதித்தால் 99 இறங்கும். வேறொரு ஊரின் ஸ்கேனில் சோதித்தால் இன்னும் இறங்கும். தோவாளையில் வளர்ந்த பிள்ளையைக் காஷ்மீரத்துப் பூக்கடையில் நிறுத்தினால் அது என்ன செய்யும்? தெரியாத பூவுக்கும் தெரிந்த பெயர் ஒன்றைச் சொல்லும்.

இதை விளக்க வேலூரிலேயே ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. இந்தியாவில் சி.டி. ஸ்கேன் பரவிய காலத்தில், வலிப்பு வந்து படம் எடுத்த பலருடைய மூளையில் சின்னதாக ஒரு வளையம் தெரிந்தது. நம் நாட்டில் காசநோய் அதிகம். ஆகவே அதைக் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அந்த வளையங்களிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை காசநோய் அல்ல. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குள் வந்து செத்துக்கொண்டிருந்த இடம். அசுத்தமான தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் அதன் முட்டை வரும் என்பதால் இறைச்சி தொடாதவருக்கும் இது உண்டு. பல வளையங்கள் தாமாகவே மறைந்துவிடும். வளையம் ஒன்றே ஒன்றா, 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதா, சுற்றிலும் வீக்கம் கடுமையாக இல்லையா என்று வரிசையாகக் கேட்டு முடிவெடுக்கும் விதிகளை அவர்கள் வகுத்தார்கள். எத்தனையோ பேர் வீணான மாத்திரையிலிருந்தும் வீணான அறுவையிலிருந்தும் தப்பினார்கள்.

இப்போது ஃபிலடெல்ஃபியாவிலோ மியூனிக்கிலோ படித்த ஓர் எந்திரத்தை ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டுவாருங்கள். மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பு ஆசாரிபள்ளம் என்றாலே காசநோய் ஆஸ்பத்திரிதான் என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த எந்திரத்துக்கு மூளையில் வளையம் என்றால் கொடிய புற்றுக்கட்டி. அதற்குக் காட்டிய தலைகளில் காசநோயும் நாடாப்புழுவும் அபூர்வம். பிராட்ஸ் படங்களிலோ அவற்றுக்கு இடமே இல்லை. எந்திரத்துக்குத் தெரிந்த பெயர்கள் அவ்வளவுதான். புழு செத்த இடத்துக்கும் அது புற்றின் நிறத்தையே பூசிவிடலாம். அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் சொன்ன கருவி என்ற விளம்பரம் இங்கே ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கப் போதும்.

ஆப்பிரிக்காவில் இதை உணர்ந்து வேலை தொடங்கிவிட்டார்கள். பழைய எம்.ஆர்.ஐ. கருவிகள், மங்கிய படங்கள், நோய் முற்றியபிறகே வரும் நோயாளிகள் என்று அவர்கள் நிலைமை வேறு. 2023-இல் பிராட்ஸ் போட்டிக்குள்ளேயே ஆப்பிரிக்க நோயாளிகளின் படங்களுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. நைஜீரியாவின் மருத்துவர்கள் அதில் முன்னின்றார்கள். தங்கள் மக்களின் தலையைத் தாங்களே எந்திரத்துக்குக் காட்டுவது என்ற முடிவு அது.

நோயாளியின் படத்தை வெளியே கொடுக்கலாமா என்ற தயக்கம் நியாயமானது. அதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. படத்தை எந்திரத்திடம் அனுப்பாமல் எந்திரத்தைப் படம் இருக்கும் இடத்துக்கு அனுப்புவது. மாணவர் வீடு வீடாகப் போய்ப் பாடம் கற்று வருவது மாதிரி. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கற்றதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறும். படங்கள் அந்தந்த ஆஸ்பத்திரிக் கணினியிலேயே இருக்கும். ஆறு கண்டங்களில் 71 இடங்கள், 6,314 நோயாளிகள் என்று மிகக் கொடிய கட்டியான கிளியோபிளாஸ்டோமாவுக்கு இந்த முறையில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. அறுவையில் எடுக்கக்கூடிய பகுதியை வரைவதில், பொதுவெளியில் கிடைக்கும் படங்களில் மட்டும் படித்த எந்திரத்தைவிட இது 33 சதவீதம் மேம்பட்டிருந்தது. 2020-இல் இந்த முயற்சி அறிவிக்கப்பட்டபோது பங்கேற்போர் பட்டியலில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் பெயரும் இருந்தது.

படத்தை விட்டு அறுவை அரங்குக்குள் போவோம். எந்திரம் உண்மையிலேயே அசத்துகிற இடம் இதுதான்.

மண்டை திறந்திருக்கிறது. துளி திசுவை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே உறையவைத்து, சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல அரை மணி நேரம் வரை ஆகும். அதுவரை அரங்கில் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர், சாயமே ஏற்றாமல் லேசர் ஒளியால் திசுவைப் படம் பிடித்து எந்திரத்திடம் காட்டினார்கள். அந்த ஒளிச்சிதறலுக்கு அடிப்படை நம் சர் சி.வி. ராமன் 1928-இல் கண்ட ராமன் விளைவு. 25 லட்சம் படங்களில் பழகிய அந்த எந்திரத்தை 278 நோயாளிகளிடம் சோதித்தார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் விடை சொன்னது. அதன் துல்லியம் 94.6 சதவீதம். நோய்க்குறியியல் மருத்துவர்களின் துல்லியம் 93.9. இது 2020-இல். அதே வழியில் 2024-இல் வந்த 'ஃபாஸ்ட்கிளியோமா', வெட்டிய இடத்தின் ஓரத்தில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்று 10 விநாடியில் சொல்கிறது.

இந்த வேகக் கதைகளை எல்லாம்விட முக்கியமானது நெதர்லாந்துக் கதை. அங்கே உட்ரெக்ட் நகரக் குழு 'ஸ்டர்ஜன்' என்ற எந்திரத்தை உருவாக்கி 2023-இல் வெளியிட்டது. கட்டியின் மரபணுவில் உள்ள ரசாயன அடையாளங்களை, அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே படித்து வகையைச் சொல்லும் கருவி அது. 25 அறுவைகளில் அதைப் பயன்படுத்தினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் 18 பேருக்குச் சரியான விடை வந்தது. மற்ற 7 பேர்? அவர்களுக்கு எந்திரம் தப்பான விடை சொல்லவில்லை. போதுமான உறுதி இல்லை என்று வாயை மூடிக்கொண்டது. நூற்றுக்கு 72 என்பது பரீட்சையில் பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் மருத்துவரைக் கேட்டால் 99 சதவீதம் என்று அடித்துப் பேசுகிற கருவியைவிட இதைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்வார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதே.

மரபணு என்றதும் சென்னைக்கு வர வேண்டும். ஒரு புற்றுக்கட்டியில் ஆயிரக்கணக்கான மரபணு மாற்றங்கள் இருக்கும். பேருந்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தாலும் ஓட்டுபவர் ஒருவர்தான். மற்றவர்கள் சும்மா பயணிகள். நோயை ஓட்டுகிற மாற்றத்தைக் கண்டுபிடித்தால் மருந்தை அதன்மேல் குறிவைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மைக்கேல் குரோமிகாவின் குழு கிளியோபிளாஸ்டோமாவுக்கென்றே 'ஜி.பி.எம். டிரைவர்' என்ற கருவியை உருவாக்கியது. 9,386 ஓட்டுநர் மாற்றங்களையும் 8,728 பயணி மாற்றங்களையும் ஆராய்ந்து பழக்கினார்கள். அதற்கு முன்பின் காட்டாத 1,809 மாற்றங்களைக் கொடுத்துச் சோதித்தபோது 81.99 சதவீதம் சரியாகச் சொன்னது. இதைக் கொண்டு நாளைக்கே மருந்து வந்துவிடாது. எங்கே தேடலாம் என்று ஆய்வாளருக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவே.

அந்த 'அவ்வளவே'யை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைட் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கும் முறை 2005-இல் நிலைபெற்றது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். மாத்திரையும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதம். உலகமே கொண்டாடிய முன்னேற்றம் இந்த இரண்டரை மாதம்தான். பத்து விநாடியில் படம் படிக்கிற எந்திரம் வந்தாலும் நோயின் இந்தக் கடுமையை அது தொடவில்லை.

மாத்திரை யாருக்கு நன்றாக வேலை செய்யும் என்பதைக் காட்டும் 'எம்.ஜி.எம்.டி.' என்ற மரபணு அடையாளம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ளத் திசு வேண்டும். திசு எடுக்காமல் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்தே எந்திரம் சொல்லிவிடாதா என்று 2021-இல் உலகப் போட்டி வைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் கலந்துகொண்டன. முதல் பரிசு பெற்ற விடையின் மதிப்பெண் 0.62. இந்தக் கணக்கில் பூவா தலையா போட்டாலே 0.5 கிடைக்கும். படத்தில் இல்லாததை எந்திரத்தால் படிக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இன்னொரு ஆபத்து எந்திரத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. ஜெர்மனியில் கோலோன் நகரில், மார்பக எக்ஸ்ரே படிக்கும் 27 மருத்துவர்களிடம் ஒரு சோதனை செய்து 2023-இல் வெளியிட்டார்கள். எந்திரத்தின் யோசனை என்று சொல்லி, சில படங்களுக்கு வேண்டுமென்றே தப்பான விடையை நீட்டினார்கள். யோசனை சரியாக இருந்தபோது ஏறத்தாழ 80 சதவீதம் சரியாகச் சொன்ன அனுபவம் குறைந்த மருத்துவர்கள், தப்பான யோசனை வந்தபோது 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் 82-இலிருந்து 45.5-க்கு இறங்கினார்கள். மூளைப் படத்தில் மட்டும் இது நடக்காது என்று நம்புவதற்குக் காரணம் ஏதும் இல்லை. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், பொறுப்பு மனிதரிடம்தான் இருக்க வேண்டும் என்பது முதன்மையாகப் பேசப்படுகிறது.

கடைசியாக, முதலில் பேசியிருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். இவ்வளவு எந்திரமும் ஸ்கேன் எடுத்தபிறகு வருவது. ஸ்கேன் எடுப்பதற்கு முன் கழிகிற மாதங்களை யார் கணக்கிடுவது? காலையில் எழுந்ததும் மண்டையிடி. தைலம் தேய்த்தாயிற்று. பித்தம் என்று இஞ்சிச்சாறு குடித்தாயிற்று. சைனஸ் மாத்திரை முடித்தாயிற்று. கண் மங்குகிறது என்று கண்ணாடி மாற்றியாயிற்று. மண்டையிடி எல்லாம் கட்டி இல்லை. நூற்றில் ஒன்றுகூடக் கட்டியாக இருப்பது அரிது. ஆனால் புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடும் தலைவலி, அதோடு காலை நேரத்து வாந்தி, பெரியவர்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பக்கவாட்டுப் பார்வை மறைவது, சாதுவாக இருந்தவர் திடீரென்று ஆளே மாறிப்போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணாடிக் கடைக்குப் போகும் அந்த ஒரு படியில் எந்திரம் நமக்குப் பெரிய உதவி செய்யலாம். மண்டைக்குள் அழுத்தம் கூடினால், கண்ணின் பின்னால் பார்வை நரம்பு தொடங்கும் வட்டு வீங்கும். கண்ணுக்குள் படம் எடுத்தால் அந்த வீக்கம் தெரியும். சிங்கப்பூரைத் தலைமையாகக் கொண்ட பன்னாட்டுக் குழு ஒன்று 14,341 கண் படங்களில் எந்திரத்தைப் பழக்கி, வேறு இடங்களின் 1,505 படங்களில் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டது. வீக்கம் இருந்தவர்களில் 96.4 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது. வீக்கமில்லாத சிலரையும் சந்தேகப்பட்டது. சந்தேகப்பட்டால் கண் மருத்துவர் பார்த்துத் தெளிவாக்கிக்கொள்ளலாம். கண் படம் எடுக்கும் கருவி எம்.ஆர்.ஐ. விலையில் மிகச் சிறு பங்கு. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்தில் கண்டறிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கூகுளோடு சேர்ந்து எந்திரத்தைப் பழக்கிய முன்னுதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தக்கலையிலோ குலசேகரத்திலோ தலைவலி என்று வருபவரின் கண்ணை ஒரு படம் எடுக்க முடிந்தால், ஸ்ரீசித்ராவுக்குப் போகிற உறை சில மாதம் முன்னதாகவே புறப்படும்.

அதே ஸ்ரீசித்ரா, வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த இதய வால்வை நம் நாட்டிலேயே செய்து 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய நிறுவனம். நம் உடலுக்கு நம்மிடமே கருவி செய்த அனுபவம் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது, மூளைப் படம் படிக்கும் எந்திரத்தை மட்டும் கடையில் வாங்கி வைத்தால் போதும் என்று இருந்துவிட முடியாது.

அவையில் பொறியியல் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு புராஜெக்டுக்கு அந்த 233 பேரின் படங்களை மறுபடியும் இறக்கி 99 சதவீதம் என்று எழுதாதீர்கள். உங்கள் பேராசிரியரோடு ஒரு மருத்துவக் கல்லூரியின் கதிரியல் துறைக்குப் போங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கேளுங்கள். பெயர் நீக்கிய படம் நூறு கிடைத்தாலும் போதும். நோயாளிவாரியாகப் பிரித்துச் சோதியுங்கள். 70 சதவீதம் வந்தால் 70 என்றே எழுதுங்கள். எந்தெந்தப் படத்தில் தப்பியது, அது காசநோயா, புழுவா, மங்கிய ஸ்கேனா என்று பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியல் உங்கள் அறிக்கையில் மருத்துவருக்குப் பயன்படுகிற பக்கமாக இருக்கும்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. ஸ்கேன் எடுத்தால் பிலிமோடு நின்றுவிடாமல் சிடியையும் கேட்டு வாங்குங்கள். பழைய சிடியைத் தூக்கி எறியாதீர்கள். தேதி எழுதி ஒரே உறையில் வையுங்கள். அடுத்த படத்தோடு ஒப்பிட மருத்துவருக்கும் எந்திரத்துக்கும் அதுதான் வேண்டும். ரிப்போர்ட்டில் கணினியின் பெயர் இருந்தாலும் கீழே ஒரு மருத்துவரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.